தட்டு காலி

"ரத்தினா, தட்டு காலி. முழுமையாக உண்டீர்கள், நன்றி" என்றது பரிமாறி. பதினோரு வருடமாக மூன்று வேளையும் அதே பாராட்டுதான்.

ஈரோட்டில் இப்போது பரிமாறி இல்லாத சமையலறை கிடையாது. சாயக்கழிவு ஊறிய மண்ணில் விளைந்த அரிசியில் செலினியம் என்ற தாதுச்சத்து அற்றுப்போன பிறகு வந்த இயந்திரம் அது. ஆளுக்கேற்ற அளவைச் சோற்றில் கலந்து அவரவர் தட்டில் போடும்; பிறகு தட்டின் எடையைப் பார்க்கும். சோறு யார் வாய்க்குப் போனது என்பதெல்லாம் அதற்கு எங்கே தெரியும், பாவம்!

ரத்தினாவின் மாமனார் குடல் புற்றுநோயில் போனவர். புருஷன் சென்னியப்பனுக்கும் வந்துவிடுமோ என்று அவளுக்கு ஓயாத பயம். செலினியம் புற்றை அண்டவிடாது என்ற விளம்பரத்தை அப்படியே நம்பி, தன் சோற்றில் பாதியை உருட்டி அவர் கையில் வைப்பாள்.

"எனக்கு வயிறு நெறஞ்சு போச்சுங் மாமா. நீங்க ஒரு வாய் வாங்கிக்குங்க."

அன்பாகக் கொடுத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? வாங்கிச் சாப்பிட்டார்.

கடைசியில் குடலில் புற்று வந்தது ரத்தினாவுக்கு. இரண்டு மாதம் என்று மருத்துவர் கைவிரித்துவிட்டார்.

சத்துத் துறையிலிருந்து வந்திருந்த பொன்மலர், சென்னியப்பனை வாசலுக்கு அழைத்துப்போய்த் தணிந்த குரலில் பேசினாள்.

"பதினோரு வருசமா ஒரு பருக்கை மிச்சம் வெக்காதவங்களுக்கே வந்துருச்சுன்னா, அளவு பத்தலைன்னுதானுங்க அர்த்தம். இதே மாதிரி நாப்பது வீடு. நாப்பதும் பொம்பளைங்க, அதுதான் ஏன்னு புரியல. மாவட்டம் பூரா ரெண்டு மடங்கு ஆக்கப்போறோம். அவங்க முழுசா சாப்பிட்டாங்கன்னு ஒரு கைரேகை வச்சுருங்க."

"கூடிப்போனா என்னாகும் அம்முணி?"

"நகம் உதிரும், முடி கொட்டும், நரம்பு கெடும். வாயில பூண்டு வாடை அடிக்கும். அளந்துதானே போடறோம், அப்படியெல்லாம் ஆகாதுங்க."

சென்னியப்பன் விரல்களைத் துண்டுக்குள் மடக்கிக்கொண்டார். நாலு விரலில் நகம் இல்லை. பூண்டே சேர்க்காத வீட்டில் பூண்டு வாடை. வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தாரே, மடையன்!

"அவ சாப்பிடாமலே இருந்திருந்தா?"

"தட்டு காலின்னு பதிவு இருக்குதுங்களே. இல்லைன்னா அவங்க வாயால சொல்லட்டும், எழுதிக்கறேன். அளவு ஏத்தறதையே நிறுத்திரலாம்."

உள்ளே கட்டிலில் ரத்தினா கிடந்தாள். அவளிடம் கேட்கத்தான் வேண்டும். கேட்டால் அடுத்த நிமிடம், "அப்ப உங்க நகமெல்லாம் என்னாலதான் போச்சுங்களா?" என்பாள். இருக்கிற இரண்டு மாதமும் அதையே நினைத்து அழுவாள். ஊர் முழுக்க எத்தனை பேர் நகம் உதிரப்போகிறது என்பதும் அவருக்குத் தெரியாமல் இல்லை. என்னால் முடியாது சாமி என்று முனகியபடி கட்டைவிரலை வைத்தார்.

மறுவாரம் பரிமாறி இரண்டு மடங்கு கலந்த சோற்றைப் போட்டது. ரத்தினா ஓர் உருண்டை உருட்டினாள்.

"எறங்க மாட்டேங்குதுங் மாமா. நீங்களாச்சும் தெம்பா இருக்கோணும்."

அவர் முதன்முறையாக வேண்டாம் என்று தலையாட்டினார். அவள் முகம் சுருங்கி, கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் கையை நீட்டினார்.

அவள் தட்டு காலியாகும்வரை வாங்கிச் சாப்பிட்டார். பரிமாறி அவளைப் பாராட்டியது. பக்கத்து வீட்டுப் பரிமாறியும் அதே நேரத்தில் மயிலாத்தாளைப் பாராட்டுவது கேட்டது. அவள் புருஷன் கொஞ்ச நாளாகக் கையுறை போட்டுக்கொண்டுதான் வெளியே வருகிறான்.