பச்சைப் பக்கம்

ராத்திரி படுக்கப் போகும் முன் தகட்டைச் சிவப்புப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் டெல்ஃபினா கதவைச் சாத்தினாள். அதில் அவளுக்குத் துளியும் சந்தேகமில்லை. விடியற்காலை அஞ்சரைக்குக் கதவைத் திறந்து பார்த்தால், அது பச்சையாக இருந்தது.

தகர வண்டி வீடுகள் வரிசையாக நிற்கும் அந்த டிரெய்லர் குடியிருப்பில் கோடைக்கென்றே ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வீட்டுப் படியோரத்துக் கம்பத்திலும் சங்கிலியில் ஒரு வட்டத் தகடு தொங்கும். ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சிவப்பு. படுக்கும்போது சிவப்பு, எழுந்ததும் பச்சை. காலை பத்து மணிக்கு எந்த வீட்டிலாவது சிவப்பு தெரிந்தால், அந்த வரிசைக்குப் பொறுப்பானவர் போய்க் கதவை மூன்று முறை தட்டி, தண்ணி குடிச்சீங்களா என்று கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் ஆபீஸில் சாவி வாங்கித் திறக்க வேண்டும். அரிசோனாவின் அந்த மூலையில் ஜூலை மாதம் நூற்றுப் பத்தொன்பது டிகிரி அடிக்கும். கூலர் நின்றுபோன தகர வீட்டுக்குள் வயசான உடம்பு மத்தியானம் வரை தாங்கினாலே பெரிசு. மூணாம் வரிசை எட்டு வீட்டுக்கும் டெல்ஃபினா ஓச்சோவாதான் பொறுப்பு. ஆறு கோடையாக ஒரு நாள் தவறினதில்லை என்று பெயர்.

காற்று திருப்பியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் காற்றே இல்லை; எதிர்வீட்டுக் கொடியில் போட்ட துண்டு கூட அசையவில்லை. தகட்டின் விளிம்பில் ஏதோ ஒட்டியிருந்தது. வெங்காயச் சருகு மாதிரி மெலிசாக, ஓரம் கருகி. நகத்தால் சுரண்டி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அதில் நெளிநெளியாக ரேகை ஓடியிருந்தது. விரல் நுனியில் இருக்குமே, அந்த ரேகை.

அதை வீசிவிட்டுக் கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவள் நெஞ்சு பதினொரு நாளாகவே குறுகுறுத்துக்கொண்டிருந்தது.

கடைசி வீட்டுக் கிழவர் வெண்டல் ப்ரூயிட். எழுபத்தாறு வயசு, ஒண்டிக்கட்டை, நாக்கில் தேள் கொடுக்கு. தகட்டைத் திருப்ப மறந்துவிடுவார், போய்த் தட்டினால் குதிப்பார். “உயிரோடதான் இருக்கேன். பொணம் பொறுக்க வந்தியா? போய் அடுத்த வீட்டப் பாரு.” ஒரு தடவை கதவு இடுக்கு வழியாகக் கொதிக்கும் காப்பியை வீசினார். டெல்ஃபினாவின் கழுத்தில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

போன வாரத்துக்கு முந்தின வியாழக்கிழமை பத்தே காலுக்கு அவர் தகடு சிவப்பாக இருந்தது. ஏழு வீடு நடந்து வந்தவளுக்குச் செருப்பின் அடி இளகித் தாரில் ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்று தட்டு தட்டினாள். பதில் இல்லை. கதவின் அடியில், உள்பக்கம், ஏதோ பிறாண்டியது. நின்றது. மறுபடியும் பிறாண்டியது.

கிழவன் வேண்டுமென்றே வம்பு பண்ணுகிறான் என்று அவள் நினைத்தாள். நினைத்தாளா, நினைக்க ஆசைப்பட்டாளா, அது அவளுக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். தகடு சுடும் என்று பாவாடை நுனியால் பிடித்துப் பச்சைப் பக்கம் திருப்பினாள். வீட்டுக்குப் போய் ஐஸ் போட்டு எலுமிச்சைத் தண்ணி குடித்தாள்.

அன்று ராத்திரி அதைச் சிவப்பாக்க ஆள் இல்லை. வெள்ளி, சனி, ஞாயிறு, தகடு பச்சையாகவே நின்றது. மூன்று நாளும் அவள் அதைப் பார்த்துக்கொண்டே கடந்து போனாள். சனிக்கிழமையே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் தட்டவில்லை, தட்டினால் என்ன இருக்கும் என்பதும் தெரிந்திருந்தது.

திங்கட்கிழமை ஈ மொய்த்தது. கதவைத் தள்ளினால் பாதிதான் திறந்தது. கிழவர் உட்கார்ந்த வாக்கில் கதவில் முகத்தைச் சாய்த்து, இரண்டு உள்ளங்கையையும் தகரத்தில் அழுத்தியபடி இருந்தார். மேற்கு வெயில் நாலு நாள் காய்ச்சிய தகரம். ஆளைப் பிரித்து எடுத்தபோது கைத்தோல் கதவிலேயே தங்கிவிட்டது, இரண்டு கையும், பத்து விரலும்.

போலீஸ்காரரிடம் டெல்ஃபினா சொன்னாள், “பச்சையாத்தான் சார் இருந்துச்சு. நாலு நாளும் பச்சை. கையில அடிச்சுச் சத்தியம் பண்ணுறேன்.” அவர் தொப்பியைக் கழற்றித் தலையாட்டினார். பக்கத்து வீட்டு நெரெய்டா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

தகடு தானாகத் திரும்பிய அன்று பத்து மணிக்கு டெல்ஃபினா தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, அவள் கதவையே யாரோ தட்டினார்கள். மூன்று தட்டு. அவள் தட்டுகிற அதே இடைவெளியில். கதவின் கண்ணாடித் துளையில் பார்த்தாள். வெயிலில் வெளுத்துக் கிடந்த தெரு. ஆள் இல்லை. ஆனால் கதவின் கீழ்ப்பக்கமிருந்து, ஒரு சிறுபிள்ளை உயரத்திலிருந்து, தகரத்தைத் தகரம் உரசுகிற மாதிரி ஒரு குரல் வந்தது.

“தண்ணி குடிச்சியா?”

அன்று அவள் வெளியே போகவில்லை. வெயிலுக்காக ஜன்னலுக்கெல்லாம் அலுமினியத் தாள் ஒட்டிய வீடு, பட்டப்பகலில் குகை மாதிரி இருட்டியிருந்தது. கூரையில் கூலர் ஈர வைக்கோல் வாடையை ஊதிக்கொண்டிருந்தது. அந்த வாடைக்குள் இன்னொரு வாடை. அடுப்பில் மறந்துவிட்ட கறி. அடுப்பு மூட்டி இரண்டு நாளாகிறது.

சாயங்காலம் நெரெய்டா வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே, “என்னக்கா, பேயடிச்ச மாதிரி இருக்க?” என்றாள். ராத்திரிக்கு உன் வீட்டில் படுத்துக்கொள்ளட்டுமா என்ற கேள்வி டெல்ஃபினாவின் தொண்டை வரை வந்தது. எதுக்கு என்று அவள் திருப்பிக் கேட்பாள். கேட்டால் வியாழக்கிழமையைச் சொல்ல வேண்டும், பாவாடை நுனியைச் சொல்ல வேண்டும். ஒன்றுமில்லை, வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று மழுப்பினாள்.

“அப்ப நாளைக்கு நான் சுத்தி வரேன். நீ நல்லாத் தூங்கு. மகாராணி ஒரு நாள் லீவு எடுத்தா வரிசை ஒண்ணும் இடிஞ்சுறாது.”

அவள் போனதும் டெல்ஃபினா தகட்டைச் சிவப்பாகத் திருப்பினாள். மறுபடி பச்சையாகாதபடி சங்கிலியைக் கம்பத்தோடு கம்பியால் இறுக்கிக் கட்டினாள். ராத்திரி முழுக்கக் கண்ணாடித் துளையில் கண்ணை வைத்தபடி நாற்காலியில் இருந்தாள். தகடு அசையவில்லை. விடிந்தபோதும் சிவப்பு. அப்பாடா என்று நிம்மதியில் அழுதேவிட்டாள்.

ஏழு மணிக்குக் கூலர் இரண்டு தரம் இருமியது. நின்றது.

அந்த நிசப்தத்தை அந்த ஊரில் எவரும் ஒரு நிமிஷம் கூடச் சும்மா கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். அவள் பர்ஸையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு தாழ்ப்பாளை நீக்கினாள். கதவு திறக்கவில்லை. தோளால் முட்டினாள். அரை விரற்கடை நகர்ந்து, பழைய இடத்துக்கே திரும்பி வந்தது. பூட்டுக் கோளாறு இல்லை. வெளியே ஒரு ஆள் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிற கனம்.

பின்கதவை வெயில் வராமலிருக்க மே மாதமே பலகை அடித்து மூடியிருந்தாள். ஜன்னலுக்கெல்லாம் கம்பி. சூட்டில் அணைந்துபோன போனுக்கு உயிர் வரவே இல்லை. குழாயில் வந்தது வெந்நீர். கத்தினாள். சுற்றிலும் நாற்பது வீட்டுக் கூலர் இரைச்சல். அதில் ஒரு பொம்பளை கத்துவது எந்தக் காதில் விழும்.

ஒன்பது மணிக்குச் சுவரில் கை வைக்க முடியவில்லை. வியர்வை நின்றுபோயிருந்தது. வியர்வை நின்றால் என்ன அர்த்தம் என்று எட்டு வீட்டுக்கும் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான்.

சமையலறை ஜன்னல் பின்பக்கச் சந்துப் பக்கம் பார்த்திருக்கும். இரும்பு வாணலியால் கண்ணாடியை உடைத்தாள். தாளைக் கிழித்தாள். கம்பிகளுக்கு நடுவே வலது கையை முழங்கை வரை நீட்டி ஆட்டினாள்.

யாரோ அந்தக் கையைப் பிடித்தார்கள்.

அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி மாதிரி சூடு. வழுவழுப்பு. அதில் தோல் இல்லை. இழுத்தது. தோள் கம்பியில் மோதி எலும்பு மளுக்கென்றது. உடைந்த கண்ணாடி புஜத்தில் ஏறி முழங்கை வரை கிழித்தது. அவள் இடது கையால் வாணலியை ஓங்கி அடித்தாள். கம்பியில் பட்டது. மறுபடி அடித்தாள். மெத்தென்று எதிலோ இறங்கியது. அடித்தாள். அடித்தாள். வெளியே ஒரு சத்தமும் இல்லை. பிடி மட்டும் மணிக்கட்டிலிருந்து விரலை நோக்கி மெதுவாக, மிக மெதுவாக, உருவிக்கொண்டே போனது.

பிடி விட்டபோது மல்லாந்து தரையில் விழுந்தாள். கையைத் தூக்கிப் பார்த்தாள்.

மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை தோல் இல்லை. கையுறை கழன்ற மாதிரி. நகமும் இல்லை. மோதிரமும் இல்லை.

முன்கதவுக்குத் தவழ்ந்தாள். ஒரு கையால். தரையில் ரத்தம் விழுந்து உடனே காய்ந்தது. சுவரைப் பிடித்து எழுந்து துளையில் கண்ணை வைத்தாள்.

தகடு சிவப்பு.

இன்னும் சிவப்பு. சுவர்க் கடிகாரத்தில் பத்தாக நாலு நிமிஷம். நெரெய்டா வருவாள். சிவப்பைப் பார்ப்பாள், தட்டுவாள், சாவி கொண்டு வருவாள். நாலு நிமிஷம். அவ்வளவுதான். மூச்சை விட்டாள். நெருப்பாக வந்தது. மூன்று நிமிஷம்.

தெருமுனையில் வைக்கோல் தொப்பி தெரிந்தது. நெரெய்டா. ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ஒவ்வொரு கம்பமாகப் பார்த்து வந்தாள். இரண்டு வீடு தள்ளி. ஒரு வீடு.

கதவின் மேலிருந்த கனம் எழுந்தது.

டெல்ஃபினா கதவைத் தள்ள நினைத்தாள். கால் மடிந்தது. கண்ணை மட்டும் துளையிலிருந்து எடுக்கவில்லை. கம்பத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. பெண் கை. கட்டைவிரல் நகத்தில் ஞாயிற்றுக்கிழமை அவளே பூசிய சிவப்புச் சாயம். விரலில் அவள் அம்மா போட்ட நீலக்கல் மோதிரம். தோல் கொஞ்சம் தொளதொளவென்று, அடுத்த ஆளின் கையுறை மாதிரி. அந்தக் கை கட்டுக்கம்பியை அவிழ்த்தது. அவசரமே இல்லாமல் தகட்டைத் திருப்பியது.

நெரெய்டா வாசலில் நின்றாள். பச்சையைப் பார்த்தாள்.

டெல்ஃபினா வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. கதவோடு சரிந்து விழுந்தாள். விரல் கதவின் அடியைப் பிறாண்டியது. நின்றது. மறுபடியும் பிறாண்டியது.

“அக்கா?” என்றாள் நெரெய்டா. கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு சிரித்தாள். “லீவு குடுத்தாலும் வீடு கூட்டணுமா உனக்கு? சரி சரி, நான் தொந்தரவு பண்ணல.”

கதவுக்கு அடியில் ஒரு விரல் உயர வெளிச்சம். அதில் நெரெய்டாவின் செருப்பு திரும்பி நடந்தது. அது போன பிறகும் படியில் இரண்டு பாதம் நின்றன. வெறும் பாதம். சுடும் மரத்தில் ஒட்டி ஒட்டிப் பிரிந்து, அவை கதவை நோக்கித் திரும்பின.

மூன்று தட்டு.

“தண்ணி குடிச்சியா?”

வெளியே சங்கிலியில் தகடு இன்னும் ஆடிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. பிறகு, அவளுடைய கை அதைப் பிடித்து நிறுத்தியது.