துவைக்காத விரிப்பு

விரிப்பில் வாசனை இல்லை.

விடுமுறைக்கு வாடகைக்கு எடுத்த வீட்டின் கட்டிலில் விரித்துச் சுருக்கம் நீக்கும்போதுதான் அவள் அதைக் கவனித்தாள். குனிந்து, குழந்தையின் தலை படும் இடத்தில் மூக்கை அழுத்தி முகர்ந்தாள். கடையில் வாங்கி இன்னும் பிரிக்காத துணியைப் போல இருந்தது. காலையில் பெட்டியில் வைக்கும்போது அதில் எல்லாமே இருந்தன. சிந்திய பாலின் புளிப்பு, மகளின் தலை வியர்வை, கழுத்து வலிக்கு அவள் தேய்த்துக்கொள்ளும் தைலம், கணவனின் ஷேவிங் கிரீம்.

பயணக் குறிப்புகள் பகிர்ந்துகொள்ளும் பெண்கள் குழு ஒன்றில் அவள் நிறைய எழுதுவாள். ரயிலில் எந்தப் பக்க ஜன்னலோரம் உட்கார வேண்டும், எந்த விடுதியில் கேட்டால் மட்டுமே வெந்நீர் வரும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் எல்லோரும் மெச்சியது ஒரே ஒரு குறிப்பைத்தான்: சின்னக் குழந்தையோடு வெளியூர் போகிறவர்கள், வீட்டுப் படுக்கை விரிப்பைத் துவைக்காமல் எடுத்துப் போங்கள். சுவர் புதிது, கூரை புதிது என்றாலும் வாசனை பழையது என்றால் குழந்தை தூங்கிவிடும். தன் மகளைப் பார்த்துத்தான் அதை எழுதினாள். அம்மாவின் கழுத்தில் மூக்கைப் புதைத்து, இழுத்து முகர்ந்து, திருப்தியான பிறகுதான் அது கண்ணை மூடும். கணவன் அதற்கு மோப்பக்குட்டி என்று பெயர் வைத்திருந்தான்.

"ஏங்க, இத கொஞ்சம் மோந்து பாருங்க."

கணவன் முகர்ந்தான். "நல்லாத்தானே இருக்கு."

"ஒண்ணுமே இல்லங்கறேன்."

"ஊர்ல எல்லாரும் ரூம்ல நாத்தம் அடிக்குதுன்னுதான் சண்ட போடுவாங்க. வாசன இல்லன்னு சண்ட போடற ஒரே ஆளு நீதான்." பால் வாங்கப் பையை எடுத்துக்கொண்டு, ஏரிக்கரைக் கடை வரை போய் வருவதாகச் சொல்லி இறங்கினான்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண் துண்டுகளையும் புதுச் சோப்பையும் கொண்டுவந்து வைத்தாள். பிறகு, குளிர் காற்று அடித்தும், ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனாள்.

"போன தடவ வந்தவங்க வாசன போகவே மாட்டேங்குதும்மா. எவ்வளவு தெறந்து போட்டாலும்."

"என்ன வாசன?"

"அந்தம்மா போடற பவுடரு. அவங்க பையனோட இருமல் மருந்து. எப்ப கெளம்பினாங்கன்னே தெரியல. சாவி உள்ளயே கெடந்துச்சு." கடைசி ஜன்னலின் கொக்கியில் கை வைத்தவள் நின்றாள். மூக்கைச் சுருக்கினாள். "ஆனா இப்ப மாறிடுச்சு. தைலமாட்டம் வருதே, உங்களுதா?"

அவள் இன்று தைலம் தேய்க்கவில்லை.

அந்தப் பெண் போன பிறகு வீடு பெரிதானதைப் போல இருந்தது. வந்ததும் ஏரியில் இறங்கியபோது ஒட்டிய சேறு முழங்கால் வரை காய்ந்து தோலை இழுத்தது. குழந்தையைக் கட்டிலில் பொம்மைகளுக்கு நடுவே உட்காரவைத்துவிட்டுக் குளியலறைக்குப் போகும் வழியில், நடைவழியின் கோடியில் இருந்த சாமான் அறையைக் கடந்தபோது, கதவின் அடியிலிருந்து மெதுவாக, இளஞ்சூடாக, பழகிய ஒரு கூடத்துக்குள் மாலையில் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைவதைப் போல, அவள் வீட்டு வாசனை வந்தது. பால். தலை வியர்வை. ஷேவிங் கிரீம். ஒரு கணம் மனம் இளகிக்கூடப் போனது. அடுத்த கணம், விரிப்பில் இல்லாமல் போன வாசனை இங்கே எப்படி என்று உறைத்தது. கதவைத் தள்ளிப் பார்த்தாள். ஒட்டடைக் கம்பு, மடக்கு நாற்காலிகள், இருட்டு. இழுத்துச் சாத்தினாள்.

குளியலறைக் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு அவசரமாகக் குளித்தாள். சோப்பு நுரை கண்ணில் எரிந்தது.

"குட்டி, என்ன பண்றே?"

"பொம்மைக்கு மம்மம் ஊட்றேன்."

"சமத்து. எறங்கக் கூடாது, என்ன?"

தண்ணீரை நிறுத்தினாள். குழாயின் நுனியிலிருந்து சொட்டியது. அதற்கு அப்பால், படுக்கையறையிலிருந்து, வேறொரு சத்தம். மென்மையாக. சீராக. தப். தப். தப். தூங்க வைக்கும்போது முதுகில் தட்டும் சத்தம்.

"குட்டி, அப்பா வந்தாச்சா?"

"இல்ல."

"யாரு தட்றா?"

"அம்மா."

துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். ஈரக்கால் வழுக்கியது. குழந்தை கட்டிலில் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தது. விரிப்பின் மறுபக்கத்தில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்து எழுந்ததைப் போன்ற பள்ளம். அது மெதுவாக மேலெழும்பிக்கொண்டிருந்தது.

வாரி எடுத்தாள். குழந்தை பழக்கம்போல அவள் கழுத்தில் மூக்கைப் புதைத்தது. இழுத்து முகர்ந்தது. மறுபடி முகர்ந்தது. அதன் உடம்பு விறைத்தது.

"நீ இல்ல."

"அம்மாடா கண்ணு. அம்மா குளிச்சேன், அவ்வளவுதான்."

"நீ இல்ல. எறக்கி விடு." அழவில்லை. வீதியில் ஒரு அந்நியரிடம் சொல்வதைப் போலச் சொன்னது. சோப்பு போகாத கைகளிலிருந்து நழுவி இறங்கி, நடைவழியில் போய் நின்றது. தலையைத் தூக்கிக் காற்றை முகர்ந்தது.

தைலம். அவளுக்கு அது மட்டுமே தோன்றியது. கைப்பையைக் கட்டிலில் கவிழ்த்தாள். குப்பி கிடைத்தது. மூடியைத் திருகி, உள்ளங்கையில் கொட்டி, கழுத்தில், மார்பில், தோளில் அள்ளித் தேய்த்தாள். தோல் எரிந்தது. கையை மூக்கருகே கொண்டுபோனாள்.

ஒன்றுமில்லை. வெறும் எண்ணெய்ப் பிசுக்கு.

நேற்று உடுத்திய புடவையை இழுத்து முகர்ந்தாள். ஒன்றுமில்லை. கணவனின் சட்டை. ஒன்றுமில்லை. தன் அக்குளை, தன் கூந்தலை. இந்த வீட்டின் சோப்பு மட்டும்.

"குட்டி, இங்க பாரு. என் மூஞ்சியப் பாரு. அம்மாதானே?"

நிமிர்ந்தபோது நடைவழியில் யாரும் இல்லை.

சாமான் அறைக் கதவு திறந்திருந்தது. பொழுதின் கடைசி வெளிச்சம் வாசல் வரை போய் நின்றிருந்தது. உள்ளேயிருந்து வாசனை அலையலையாக வந்தது. பால். தலை வியர்வை. தைலம், மூச்சை அடைக்கும் அளவுக்கு.

தப். தப். தப்.

சுவரைத் தடவினாள். சுவிட்ச் அகப்பட்டது. போட்டாள்.

ஒரு மடக்கு நாற்காலி விரிந்திருந்தது. அதில் உட்கார்ந்திருந்ததற்கு ஒரு மடி இருந்தது. குழந்தையின் முதுகில் தட்டும் ஒரு கை. ஒரு தோள். குழந்தை மூக்கைப் புதைத்திருந்த, தைலம் மினுங்கும் ஒரு கழுத்து. கழுத்துக்கு மேலே சுவர் தெரிந்தது.

குழந்தை ஆழமாக ஒரு முறை இழுத்து முகர்ந்தது. திருப்தியாகக் கண்ணை மூடியது.