ஆணியில் தொங்கிய பில்லை

லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பின் பின்சுவரை ஒட்டிப் போகும் சந்தில் அதுதான் கடைசி வீடு. ஆட்டோக்காரர் பெட்டிகளை இறக்கிவைத்துவிட்டு, "இதேனா மேடம்?" என்று தெலுங்கில் இரண்டு தரம் கேட்டார். சுபாஸ்ரீ தலையாட்டினாள். எந்த வீடாக இருந்தால்தான் என்ன? கேள்வி கேட்க அக்கம்பக்கம் இல்லை. அவளுக்கு அது போதும்.

கணவன் ஷ்யாம் காணாமல் போய் எட்டு மாதம். பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஒருநாள் காலையில் கம்பெனி பஸ் ஏறிப் போனவர் திரும்பி வரவில்லை. அன்று சாயங்காலம் தொழிற்சாலை வாசலில் கார்டைத் தேய்த்துவிட்டு வெளியேறியதாகக் கணினியில் பதிவாகியிருந்தது. அந்த வாசல் கேமரா அன்று பழுது. கார்டு பொய் சொல்லுமா? ஆள் வெளியே போய்விட்டான், அதற்குமேல் போனது அவன் இஷ்டம் என்று போலீஸும் கையை விரித்துவிட்டது. கோயமுத்தூரிலிருந்து வந்த மாமியார், "நீ அப்படி என்னத்தச் சொல்லித் தொலைச்சே?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவள் சொன்னது ஒன்றுதான். அன்று காலை, சண்டையின் நடுவே, "ஒரு நாளாச்சும் பொழுதோட வீடு வந்து சேருங்க" என்றாள். அவ்வளவுதான்.

விட்டுவிட்டு ஓடிவிட்டான் என்று ஊரே முடிவு கட்டியபின் அவளும் அப்படியே வைத்துக்கொண்டாள். முதலில் கோபம் இருந்தது. பிறகு அதுவும் மரத்துவிட்டது. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை போல, தொட்டால் தெரிகிறது, வலிக்கவில்லை.

மாடியில் வீட்டுக்காரி ரோஸ்லின் தனியாக இருந்தார். ரயில்வே பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எழுபதைத் தாண்டியும் வாய் மட்டும் ஓயவில்லை; தமிழோடு இந்த ஊர் உருதுவும் கலந்து கொட்டும்.

"தண்ணி ரெண்டு நாளைக்கு ஒருக்கா வரும். சும்மா சும்மா மாடிக்கு வந்து நிக்காதே. பின்கதவுகிட்ட ஆணியில ஒரு பித்தளைப் பில்லை தொங்குது பாரு, அதை எடுக்கறது கிடுக்கறது நக்கோ, கூடாது."

"யாரோடதுங்க ஆன்ட்டி?"

"ஒரு ஓடுகாலியோடது. வந்தான்னா மூஞ்சில விட்டெறியணும்."

"எப்ப வருவாருங்க?"

"ஹவ், ஆமா, அம்பது வருஷமா நானும் அதைத்தான் கேக்கறேன்."

பின்கட்டில் ஒரு சதுரம் சிமெண்ட் தரை. நடுவில் வட்டமாக ஒரு கல் பலகை. அதைத் தாண்டி ஒர்க்‌ஷாப்பின் உயரமான சுவர். கதவோரத்து ஆணியில் பில்லை கறுத்துப்போய்த் தொங்கியது. அதில் 417 என்று வெட்டியிருந்தது.

முதல்நாள் மாலை ஒர்க்‌ஷாப்பில் சங்கு ஊதி ஓய்ந்தது. சந்தில் சைக்கிள் மணிகள் போயின. எல்லாம் அடங்கிய பிறகு பின்கட்டிலிருந்து ஒரு வாசனை வந்தது. மண்ணெண்ணெயும் சிவப்பு சோப்பும் கலந்த வாசனை. வேலை முடித்தவர்கள் கை கழுவும்போது வருமே, அது. சுபாஸ்ரீ எட்டிப் பார்த்தாள்.

யாருமில்லை.

கல் பலகையிலிருந்து கதவுவரை ஈரக் காலடிகள் இருந்தன. பூட்ஸ் கால். வந்த தடம் மட்டும்தான், திரும்பிப் போன தடம் இல்லை.

வேறொருத்தியாக இருந்தால் அலறியிருப்பாள். சுபாஸ்ரீ மாப் எடுத்து வந்து துடைத்தாள்.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். சங்கு ஊதும், வாசனை வரும், தடம் விழும், இவள் துடைப்பாள். பயப்படுவதற்குக்கூட உள்ளே ஏதாவது மிச்சம் இருக்கவேண்டும் அல்லவா? சில நாள் காற்றே இல்லாமல் பில்லை ஆடியது. ஒருநாள் அவள் சாதத்தைக் கிளறிக்கொண்டே, "இருங்க, வர்றேன்" என்றாள். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று கை நின்றது.

கடைசியில் ரோஸ்லின்தான் இறங்கி வந்தார், சண்டைக்கு.

"கைக்கு, எதுக்குப் பின்னாடி இவ்ளோ தண்ணி ஊத்தறே? மாடியிலிருந்து பாக்கறேன், தினம் ஈரம்!"

"நான் ஊத்தலீங்க ஆன்ட்டி. அதுவா வருதுங்க. நீங்களே பாருங்க."

ரோஸ்லின் குனிந்தார். வலது குதிகாலில் மட்டும் லாடம் பதிந்திருந்தது. இடது குதிகால் மொட்டை. பார்த்தபடியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"லாடம் ஒண்ணு விழுந்திருச்சு, அடிச்சுக்கோடான்னு நான்தான் சொல்லிட்டே இருந்தேன்."

அவன் பெயர் வேதாசலம் என்றார். ரோஸ்லினின் அண்ணன் ஆண்டனியோடு ஒரே பிரிவில் ஃபிட்டர். வேலை முடிந்ததும் ஆண்டனியோடு இந்தப் பின்கட்டுக்குத்தான் வந்து கை கழுவுவான். துண்டை எடுத்துக் கொடுப்பது ரோஸ்லின். துண்டில் ஆரம்பித்தது எங்கேயோ போய்விட்டது. இவர்கள் கிறிஸ்தவர்கள், அவன் வேறு சாதி, வேறு சாமி. அப்பா சம்மதிக்கவே மாட்டார். எழுபத்துநாலாம் வருஷம், இருவரும் மெட்ராஸ் வண்டி ஏறிவிடுவது என்று முடிவு.

ஒர்க்‌ஷாப்பில் ஒவ்வொருவனுக்கும் ஒரு பில்லை. காலையில் கேட்டில் கொடுத்தால் அங்கே பலகையில் மாட்டுவார்கள். சங்கு ஊதியதும் எடுத்துக்கொண்டு போகவேண்டும். பலகையில் பில்லை இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறான், இல்லையென்றால் போய்விட்டான். நடுவில் நழுவ நினைப்பவன் கூட்டாளியிடம் சொல்லிவைப்பான். கூட்டாளி சாயங்காலம் இரண்டு பில்லையாக எடுத்து வருவான். எல்லோரும் செய்வதுதான்.

"அவன் மத்தியானமே சுவர் ஏறிக் குதிச்சுட்டான். அண்ணன்தான் அவன் பில்லையை எடுத்துட்டு வந்தான். வந்து வாங்கிக்குவான்னு இந்த ஆணியில மாட்டினான். நான் ஸ்டேஷன்ல விடிய விடிய உக்காந்திருக்கேன். வரலை. தேடினாங்க. பலகையில பில்லை இல்லை, அதனால ஒர்க்‌ஷாப்புக்குள்ள இல்லைன்னாங்க. குதிச்சதும் தனியா வண்டி ஏறிட்டான்னு அண்ணன் சொன்னான்."

"சுவர்னா இந்தச் சுவருங்களா?"

"இதேதான். குதிச்சா நம்ம வீடு. வீட்டுல அன்னிக்கு யாரும் இல்லை. நானும் கிளம்பிட்டேன். இங்க அன்னிக்குக் காலையிலதான் கிணத்து வேலை ஆரம்பிச்சு, சுத்துச்சுவரை இடிச்சுப் போட்டு, மேல ஓலைத் தட்டி மூடிட்டுப் போயிருந்தாங்க. அப்புறம் ஒரு வாரத்துல நாத்தம் தாங்கல. பூனை விழுந்து செத்துப்போச்சுன்னு அப்பா மண்ணைக் கொட்டி மூடி..."

ரோஸ்லின் நிறுத்தினார்.

கல் பலகையைப் பார்த்தார்.

ஆணியில் பில்லை மெல்ல ஆடி நின்றது.

ஆட்கள் வந்தார்கள், கல் பலகையைப் பெயர்த்தார்கள், மண்ணை அள்ளினார்கள். போலீஸும் வந்தது. எலும்புகளோடு ஒரு பூட்ஸும் கிடைத்தது, குதிகாலில் லாடத்தோடு. ரோஸ்லின் அழவில்லை. பில்லையை ஆணியிலிருந்து எடுத்துப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மூஞ்சில விட்டெறியணும்னு இருந்தேன்," என்றார். "மூஞ்சியே இல்லையே, பாப்பா."

பில்லையை அவனோடேயே வைத்து அடக்கம் செய்தார்கள். ஐம்பது வருஷம் அவனைத் திட்டிக்கொண்டே அவன் தலைக்குமேல் துணி உலர்த்தியிருக்கிறார். அதை அவர் சொல்லவில்லை. சுபாஸ்ரீக்கே தோன்றியது.

அன்று மாலை சங்கு ஊதியது. வாசனை வரவில்லை. தடமும் இல்லை. சுபாஸ்ரீ மாப்பை வைத்துக்கொண்டு வெறும் தரையைப் பார்த்து நின்றாள். ஆணி காலியாக இருந்தது. பலகையில் பில்லை இல்லை, அதனால் ஆள் உள்ளே இல்லை, அப்படித்தானே அன்று சொன்னார்கள்.

அவள் மனம் அந்த இடத்தில் தடுக்கி நின்றது.

கணினியில் பதிவு இருக்கிறது, அதனால் ஆள் வெளியே போய்விட்டான்.

போனை எடுத்தாள். ஷ்யாமோடு வேலை பார்த்த கூட்டாளி ஜெயச்சந்திரனை அழைத்தாள். இந்த எட்டு மாதமும் அவள் கண்ணைப் பார்த்துப் பேசாதவன்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேனுங்க. அன்னிக்கு அவர் கார்டைத் தேய்ச்சது யாரு?"

மறுமுனையில் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அண்ணி... வேலை போயிடும்னு பயந்துட்டேன். வீட்டுல பொழுதோட வரச் சொன்னா, ஷிஃப்ட் முடியறதுக்கு முன்னாடி கேட்ல விடமாட்டாங்க, நீ என் கார்டையும் தேய்ச்சிருன்னு குடுத்துட்டுப் போனார். வெளியே போய் மனசு மாறி எங்கயோ போயிட்டார்னு நெனச்சேன். சத்தியமா. கார்டு இன்னும் எங்கிட்டதான் இருக்கு, பீரோல வெச்சுப் பூட்டியிருக்கேன்."

"எந்தப் பக்கமா போனாருங்க?"

"பின்சுவர்."

"சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல அண்ணி. மூடிக் கிடக்கற கம்பெனி. வெறும் காலி இடம். தரைக்குள்ள ஒரு பழைய தண்ணித் தொட்டி இருக்கும், மேல தகரம் போட்டு..."

அவனும் அங்கேயே நிறுத்தினான்.

சுபாஸ்ரீ போனை வைத்தாள். எட்டு மாதத்தில் முதன்முறையாக உள்ளே எங்கோ சுருக்கென்றது. ஊசியின் மரப்பு இறங்கிக்கொண்டிருந்தது. வலித்தது. ஐயோ, எவ்வளவு வலித்தது.

தெருக்கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது.

அவள் தாழ் போட்டிருந்தாள்.

கூடத்தில் ஈரத் தடங்கள். பூட்ஸ் இல்லை. போன தீபாவளிக்கு அவளே வாங்கிக் கொடுத்த ஷூவின் கட்டம் போட்ட தடம். வாசலிலிருந்து கூடம், கூடத்திலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து பின்கதவு. துருப்பிடித்த தகரத்தின் வாடை.

ஆணியில் நீல நாடாவில் ஓர் அடையாள அட்டை தொங்கியது, ஜெயச்சந்திரன் பீரோவில் பூட்டியிருப்பதாகச் சொன்ன அதே கார்டு. தண்ணீர் புகுந்து கலங்கிய பிளாஸ்டிக்குக்குள் ஷ்யாமின் முகம். நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது.

மாடியிலிருந்து ரோஸ்லின் குரல் கொடுத்தார். "கதவுச் சத்தம் கேட்டுச்சே. யாரு பாப்பா வந்தது?"

ஜன்னலுக்கு வெளியே இன்னும் வெளிச்சம் மிச்சம் இருந்தது.

"அவருங்க ஆன்ட்டி," என்றாள் சுபாஸ்ரீ. கன்னத்தில் வழிவதை அவள் துடைக்கவில்லை. "பொழுதோடவே வந்துட்டாருங்க."