திருத்தம் சொல்லும் வாசகன்

இருபத்திரண்டாம் அத்தியாயத்துக்குக் கீழே வந்திருந்த அந்தக் கருத்தில் பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை. ஒரு திருத்தம் மட்டும் இருந்தது. "அவள் அறைத் தாழ்ப்பாள் இடது பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். வலது பக்கம்."

தாம்பரம் மேற்கில் ஒரு மாடியில் நடக்கும் தட்டச்சுப் பள்ளியின் மாலை வகுப்பு அது. இருபது இயந்திரங்கள் ஒன்றாகத் தடதடத்தன. நாடாவின் மை வாடையும் கீழே பஜ்ஜிக் கடையிலிருந்து ஏறிவந்த எண்ணெய்ப் புகையும் கலந்து மூச்சை அடைத்தன. ஜீவிதா கைப்பேசியை மடியில் மறைத்து வைத்துக்கொண்டு அந்த வரியை மூன்று முறை படித்தாள். முதலில் வந்தது வெட்கம்தான். எங்கோ தப்பு விட்டுவிட்டோம். எப்படி விட்டோம்? செயலியில் தொடர்கதை எழுத ஆரம்பித்த நாளிலிருந்து அதற்கென்றே ஒரு நோட்டு வைத்திருந்தாள். பக்கத்தின் நடுவே கோடு போட்டு, ஒரு பாதியில் உண்மை, மறு பாதியில் கதை. கதாநாயகியின் வீடாக அவள் எழுதிக்கொண்டிருந்தது தன் வீட்டைத்தான். யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாதே என்று ஒவ்வொன்றையும் மாற்றி வைத்திருந்தாள்.

நோட்டைப் புரட்டினாள். தாழ்ப்பாள். உண்மை: வலது. கதை: இடது.

அவள் தப்பு விடவில்லை. அவள் மாற்றியதை யாரோ திரும்ப மாற்றியிருந்தார்கள்.

"என்னடி, உதயா அடுத்து என்ன பண்ணப்போறான்?" பக்கத்து இயந்திரத்திலிருந்து தேவதர்ஷினி எட்டிப் பார்த்தாள். வகுப்பில் ஜீவிதாவுக்கு இருக்கும் ஒரே தோழி, கதையின் முதல் ரசிகையும் அவள்தான். உதயா அந்தக் கதையின் நாயகன். நாயகிக்குத் தெரியாமல் அவளையே பின்தொடர்பவன். அவள் இல்லாத நேரத்தில் வீட்டுக்குள் வந்து துணிகளை மடித்து வைத்துவிட்டுப் போகிறவன். வாரா வாரம் முப்பதாயிரம் பெண்கள் அவனுக்காகக் காத்திருந்தார்கள்.

"இப்படி ஒருத்தன் நிஜமா வந்தா என்ன பண்ணுவே?" என்று ஜீவிதா கேட்டாள்.

"எவனாவது பின்னாடி வந்தா செருப்பு பிஞ்சிரும். ஆனா உதயா வந்தான்னு வெச்சுக்கோ, நானே கதவத் திறந்துவிட்டு காபி போட்டுக் குடுப்பேன்."

"ஏன்டி?"

"நான் என்ன படிச்சிருக்கேன்னே எங்கப்பாவுக்குத் தெரியாது. அவனுக்கு அவ எத்தனை ஸ்பூன் சக்கரை போடுவான்னு தெரியும்ல?"

யார் கவனத்திலும் இல்லாமல் இருப்பது எப்படி என்று ஜீவிதாவுக்கும் தெரியும். மேடவாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் அலுவலகத்தில் தண்ணீர் லாரிகளுக்கு நேரம் ஒதுக்குவது அவள் வேலை. மேலாளர் இரண்டு வருடமாக அவளை அவளுக்கு முன்பு இருந்த பெண்ணின் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார். உலகத்தில் வேறு எதையுமே பார்க்காமல் ஒருத்தியை மட்டும் பார்க்கும் இரண்டு கண்கள் வேண்டும் என்றுதான் உதயாவையே உண்டாக்கினாள். அதனால்தானோ என்னவோ, அந்தத் திருத்தத்தைப் படித்தபோது வெட்கத்துக்கு அடியில் எங்கேயோ கதகதப்பாக இருந்தது. வகுப்பு முடிவதற்குள் அந்தக் கருத்துக்கு ஓர் இதயக்குறியும் போட்டாள்.

மறுநாள் இன்னொன்று வந்தது. "திரைச்சீலை பச்சை இல்லை, நீலம். ஓரத்தில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு இருக்கிறது." அந்த ஜன்னலுக்கு எதிரே வெறும் சுவர். தெருவிலிருந்து திரை தெரியாது. பழைய அத்தியாயத்தில் தானே உளறிவிட்டோமோ என்று இருபத்திரண்டையும் வரி வரியாகப் படித்தாள். எங்கும் இல்லை.

அதற்கும் மறுநாள்: "அவள் முகத்தை மூடிக்கொண்டு தூங்குவதாக எழுதுகிறீர்கள். இல்லை. மூடுவதில்லை."

அன்று விளக்கை அணைக்காமல் படுத்தாள். கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்தாள். தண்டவாளத்தில் ஓடிய கடைசி மின்ரயிலின் ஓசை தேய்ந்த பிறகும் தூக்கம் வரவில்லை. கதையை நீக்கிவிடலாம் என்று இரண்டு முறை விரலைக் கொண்டுபோனாள். கதை போனால் அந்தக் கண்களும் போய்விடும். விரல் அழுத்தவில்லை.

அவள் வீட்டுக்கு யாரும் வந்ததில்லை. தேவதர்ஷினியைக்கூட அழைத்ததில்லை. காரணம் ஒரு பொய். இரும்புலியூரில் வீடு கேட்டுப் போனபோது வீட்டுக்காரம்மா பச்சையம்மா எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டாள். "தனியா கீற பொண்ணுக்கு வூடு குடுக்கறதில்லமா. அப்பால பேஜாராப்பூடும்." நான்கு வீட்டில் அதே பதிலைக் கேட்டுவிட்டு வந்திருந்த ஜீவிதா, சந்தையில் மஞ்சள் கயிறும் மெட்டியும் வாங்கி மாட்டிக்கொண்டு மறுநாள் திரும்ப வந்து, வீடு கேட்டது புருஷனோடு குடிவரத்தான் என்றாள். கணவன் பெயர் எழில். மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும், பாதி நாள் அங்கேயே தங்கிவிடுவார். பேச்சு பிசகிவிடக் கூடாதென்று அவனுடைய ஷிப்ட் நேரங்களைக்கூட அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்து மனப்பாடம் செய்திருந்தாள்.

வியாழக்கிழமை வகுப்பில் நான்காவது திருத்தம் வந்தது.

"கதையில் அவள் தனியாக இருக்கிறாள். அதையும் திருத்திவிடுங்கள்."

பாதியில் எழுந்து கிளம்பினாள். இரும்புலியூரில் பேருந்தை விட்டு இறங்கும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. மழை விட்ட தெரு. சாக்கடையும் ஈர மண்ணும் யார் வீட்டிலோ வதங்கும் வெங்காயமும் கலந்த வாடை. பச்சையம்மா கேட்டருகே நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இன்னாமா, இன்னிக்கி சீக்கிரமா வந்துட்ட? அவரு இப்பத்தான் பால் வாங்கப் போனாரு."

"யாருக்கா அது?"

"யாரா? நல்லா கேட்ட போ. உன் வூட்டுக்காரருதான்."

பின்னால் ஏதோ வண்டி ஹாரன் அடித்தது. ஜீவிதாவுக்கு அது வெகு தூரத்தில் கேட்டது.

"ஒரு மாசமா வந்துகினு போய்கினு கீறாரு. சாவிய தொலைச்சிட்டேன்னாரு, நான்தான் என்கிட்ட கீற சாவிய குடுத்தேன். பேரு, கம்பெனி, ஷிப்டு எல்லாம் கரீட்டா சொன்னாரு. தங்கமான மனுசன். எனக்கே ரெண்டு கொடம் தண்ணி தூக்கியாந்து குடுத்தாரு. நீ இன்னா வாய் பேசாதவளாட்டம் நிக்கற?"

"அக்கா. அவரு என் புருஷன் இல்லக்கா."

பச்சையம்மா சிரித்தாள். "நீ கோவமா கீறேன்னு அவரும் சொன்னாரு. நானும் எங்கூட்டு ஆள அப்புடித்தான் சொல்லுவேன், மாசத்துக்கு ரெண்டு வாட்டி."

"எனக்குக் கல்யாணமே ஆகலக்கா!"

"அடிப்பாவி, வாயில அடி. நல்ல நாளும் அதுவுமா. போ, மூஞ்சி கழுவிகினு வெளக்கேத்து."

தெருவை விட்டு வெளியேற ஒரே வழிதான். பால் கடை அந்த முனையில்தான் இருந்தது. மேலே போய்ப் பூட்டிக்கொள்ள வேண்டும். போலீசைக் கூப்பிட வேண்டும். ஓர் ஆள் ஏறினால் இன்னோர் ஆள் சுவரோடு ஒதுங்க வேண்டிய குறுகலான படி. ஏறினாள். பாதியில் கால் தளர்ந்தது. உள்ளங்கை சில்லிட்டது. தொண்டை வறண்டது. நெஞ்சு காதுக்குள் அடித்தது. இருபத்திரண்டு அத்தியாயங்களிலும் அவள் எழுதியவை இவைதாம், இதே வரிசையில். உதயா அருகே வரும்போதெல்லாம் நாயகிக்கு இப்படித்தான் ஆகும். வாசகிகள் அதைக் காதல் என்றார்கள். அவளும் அப்படியே எழுதி எழுதி, இப்போது எது பயம், எது காதல் என்று உடம்புக்குத் தெரியவில்லை.

கீழே கேட் கிரீச்சிட்டது.

"வாங்க தம்பி. அவ வந்துட்டா, மேல கீறா."

"அப்படியாக்கா? நல்லது." தாழ்ந்த, பொறுமையான குரல். கேட்டறியாத குரல்.

படியில் காலடி. அவசரமில்லை. இருட்டிலும் தடுமாறவில்லை. எந்தப் படி உயரம், எந்தப் படி உடைந்தது என்று தெரிந்த கால்.

கத்து.

குரல் வரவில்லை. கத்தினாலும் பச்சையம்மா சிரிப்பாள்.

ஒரு திருப்பம். இன்னொன்று.

தெருவிளக்கு அவனுக்குப் பின்னால் எரிந்தது. முகம் இருந்த இடத்தில் இருட்டு. கையில் பால் பாக்கெட், நுனியிலிருந்து சொட்டும் தண்ணீர். அவளுக்கு ஒரு படி கீழே வந்து நின்றான். தொடவில்லை. பேசவில்லை. வேலை முடிந்து வீடு திரும்புகிறவன் வழிக்காகக் காத்திருப்பதைப் போல நின்றான்.

ஜீவிதா அப்போதுதான் கவனித்தாள். அவள் முதுகு சுவரோடு ஒட்டியிருந்தது. பாதங்கள் ஓரமாக நகர்ந்திருந்தன.

வழி விட்டிருந்தாள்.