கம்பத்துக்குப் போன கரண்ட்

சுவிட்சைப் போடுவதற்கு முன்பே டிராக்டர் முக்கி முனகியது. ஒச்சப்பனுக்கு அந்தச் சத்தம் அத்துப்படி. பின்னால் மாட்டிய ஜெனரேட்டரிலிருந்து யாராவது கரண்ட் இழுத்தால்தான் எஞ்சினுக்கு அப்படி மூச்சு முட்டும். லைனையும் ஜெனரேட்டரையும் பிரித்துவைக்கும் சேஞ்ச்ஓவர் கைப்பிடியோ நடுவில் நின்றது. எங்கும் எதுவும் போகவில்லை. பகல் இரண்டு மணிக்கே பனி இறங்கித் தேயிலைச் சரிவும் கரண்ட் கம்பமும் காணாமல் போயிருந்தன. ஈரமண், டீசல் புகை, நடுவே முடி கருகும் வாடை.

பச்சைத்தேயிலை விலை பறிகூலிக்கும் கட்டாமல் போனபோது போட்ட காளான் ஷெட் அது. கரண்ட் போனால் காற்றாடி நிற்கும், காளான் அழுகும். போன ஆடியில், அந்த அவசரத்தில், சேஞ்ச்ஓவர் இல்லாமலே ஜெனரேட்டர் ஒயரை நேராக லைனில் சொருகினான். கரண்ட் ஷெட்டோடு நிற்குமா? கம்பி வழியே ஏறிப் போய், கம்பத்தில் பழுது பார்த்துக்கொண்டிருந்த காந்தல் ஊர்க்கார லைன்மேன் அருள்ராஜைப் பிடித்துக்கொண்டது. ஆட்கள் ஓடிவருமுன் ஒயரைப் பிடுங்கி ஒளித்துவிட்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மகராசன், எழவு வீட்டுக்கு முதல் ஆளாகப் போய் மாலையும் போட்டான். மனைவி அம்சவேணியிடம்கூட மூச்சு விடவில்லை. அவளுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் ஒரு வருடமாக அவனைத் தின்றுகொண்டிருந்தது.

எஞ்சினை அணைத்தான். சத்தம் அடங்கியது. டிராக்டரையும் ஜெனரேட்டரையும் இணைக்கும் இரும்புத் தண்டு மட்டும் அடங்கவில்லை. நின்றது போல நின்று, எதிர்ப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தது. மெதுவாக. பிறகு வேகமாக. போன கரண்ட் கம்பத்திலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தது.

ஷெட்டில் விளக்கு எரிந்தது.

உள்ளே அம்சவேணி. காளானுக்குத் தண்ணீர் தெளிக்கிறாள். வெறுங்கால். தரையெல்லாம் ஈரம்.

ஓடினான். எதையும் தொடாதே என்று கத்த வாயைத் திறந்தான். அதற்குள் வாசலை எட்டிவிட்டான்.

காளான் அடுக்கின் இரும்புச் சட்டத்தைப் பிடித்தபடி அவள் நின்றிருந்தாள். முகத்தில் வலியே இல்லை.

"ஏனுங்க, கம்பத்து மேல இருந்து ஒருத்தரு பேசறாருங்க," என்றாள், அடுப்படியில் பேசுவதைப் போல. "ஒரு வருசமாக் கையை எடுக்க முடியலீங்களாம். ஏன்னு உங்களைக் கேக்கச் சொன்னாரு."

சட்டத்தில் ஒட்டியிருந்த அவள் கையைப் பார்த்தான்.

"என்ற கையும் வர மாட்டேங்குதுங்க. கொஞ்சம் புடிச்சு இழுங்க."

இன்னொரு கையை நீட்டினாள். விரல் நுனிகள் நீலமாக எரிந்தன. அவளைத் தொட்டால் செத்தோம் என்று ஒச்சப்பனுக்குத் தெரிந்தது. ஓரடி பின்னால் வைத்தான். இன்னோரடி.

அவன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்த அம்சவேணி, மெல்லத் தலையாட்டினாள். "ஆமாங்க," என்றாள், மேலே பார்த்து. "இவருதானுங்க."

பனிக்குள் கம்பத்திலிருந்து யாரோ இறங்கும் சத்தம் கேட்டது.