கோட்டையில் ஒரு வெள்ளை மேடை

“இன்னைக்குக் கேக்கட்டுமாம்மா?”

“இன்னைக்கு வேண்டாம்டா கண்ணு. அப்பா முகத்தைப் பாரு, எப்படி வாடிப்போய் வந்திருக்காருன்னு.”

“அப்போ நாளைக்கு?”

“நாளைக்கும் வேண்டாம். வாரத்துல ஆறு நாள் அந்த ரோட்டுலதான் ஓட்டுறாரு. ஏழாவது நாளும் நம்மள வச்சு அதே ரோட்டுல ஓட்டச் சொன்னா, பாவம் இல்லையா?”

பட்டாணியும் அம்மாவும் சமையலறையில் குசுகுசுவென்று இப்படிப் பேசிக்கொள்ளத் தொடங்கி இரண்டு வருடம் ஆகிவிட்டது. இன்று அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அதனால் யார் கண்ணில் எதற்காகத் தண்ணீர் வந்தது என்று இருவருக்குமே சரியாகத் தெரியவில்லை.

கேட்க நினைத்தது அப்படியொன்றும் பெரிய விஷயம் இல்லை. அப்பாவோடு ஒருநாள் கோட்டையும் கடலும் பார்க்கப் போக வேண்டும். அவ்வளவுதான்.

பட்டாணி என்பது வீட்டுப் பெயர். வகுப்பிலேயே குட்டையானவள், முகம் உருண்டை. அந்தப் பெயர் வந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அப்பா சொந்தக் கார் வைத்து ஓட்டுகிறவர். ஊர் பார்க்க வருகிறவர்களைக் காலையில் ஏற்றி, பழைய கோட்டைக்கும் கடற்கரைக்கும் கூட்டிப்போய், இருட்டுவதற்குள் கொண்டுவந்து விடுவார். ‘காலையில் கோட்டை, மாலையில் கடல்’ என்று அட்டைகூட அச்சடித்து வைத்திருந்தார். ஒன்பது வருடத்தில் ஒருநாளும் அந்த வரிசை மாறியதில்லை. எங்கெங்கிருந்தோ வந்தவர்களை எல்லாம் கடல் பார்க்க வைத்தவரின் மகள், அதே கடலைப் பள்ளிக்கூடத்துச் சுவர்ப் படத்தில்தான் பார்த்திருந்தாள்.

ஒரு வியாழக்கிழமை திடீரென்று பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். அம்மாவுக்கு மருந்துக்கடையில் பகல் முழுக்க வேலை. அப்பா தயங்கித் தயங்கி அன்று காரில் வரவிருந்தவர்களுக்குப் போன் செய்தார்.

“முன் சீட்டு சும்மாதானே இருக்கு, கூட்டிட்டு வாங்க” என்றது ஒரு பெண்குரல்.

அப்பா போனை வைத்துவிட்டுத் திரும்பினார். “அவங்க கேட்டாத்தான் பேசணும். புரிஞ்சுதா?”

பட்டாணி தலையாட்டினாள். வாயை இப்போதே மூடிப் பழகுவது நல்லது என்று தோன்றியது.

வந்தவர்கள் ஓர் அக்காவும் தம்பியும். அக்கா கணக்கு டீச்சர். தம்பி பல் டாக்டர், எங்கோ தூர தேசத்தில் இருக்கிறவர். இருவருக்கும் ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஆனால் கார்க் கதவைத் திறந்ததுமே சண்டை தொடங்கிவிட்டது.

“அக்கா, கடல் தெரியற பக்கம் எனக்கு.”

“போன தடவை நீதான்டா உக்காந்த.”

“போன தடவையா? அது நாப்பத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி!”

“அதனாலதான் சொல்றேன், இந்தத் தடவை என் முறை.”

பட்டாணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்பா ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி இருமுவது போல் நடித்தாள்.

வழி நெடுகப் பழைய கதைதான். அவர்களுடைய அப்பா தபால் நிலையத்தில் வேலை பார்த்தவராம். ஒரு நண்பரின் ஜீப்பைக் கேட்டு வாங்கி, பிள்ளைகள் இருவரையும் ஒரே ஒருநாள் இங்கே கூட்டி வந்தாராம். அவித்த முட்டை, ரொட்டி, ஒரு பெரிய கூஜாவில் தண்ணீர்.

“பாதி முட்டைய நீயே தின்ன” என்றார் டீச்சர்.

“நீ ஜீப்புல வாந்தி எடுத்தியே, அதையும் சொல்லு.”

“ஊர்ல எல்லார் வாயையும் திறக்க வைக்கிறான், தன் வாயை மூட மட்டும் தெரியல” என்று டீச்சர் அப்பாவிடம் முறையிட்டார்.

கோட்டை ஒரு சின்னக் குன்றின்மேல் இருந்தது. கூரை எல்லாம் என்றைக்கோ விழுந்துவிட்டது. சுவர்கள் மட்டும் இங்கொன்றும் அங்கொன்றுமாக நின்றன. மேற்குச் சுவரில் ஒரே ஒரு வளைவு வாசல் இடியாமல் இருந்தது. எங்கே நின்று பார்த்தாலும், கிழக்கே கீழே தூரத்தில் கடல் நீலமாக மின்னியது.

அப்பா வேறு ஆளாக மாறிவிட்டார். “இது குதிரைங்க நின்ன இடம். சுவத்துல வளையம் தெரியுது பாருங்க. இது தானியம் வச்ச அறை.” வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத அப்பாவா இது? பட்டாணி வாய் பிளந்து கேட்டுக்கொண்டே நடந்தாள்.

எல்லாம் பார்த்து முடித்ததும், டீச்சர் கைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்தார்.

“நாங்க வந்ததே இதுக்குத்தான். இந்த இடத்துல மறுபடியும் உக்காந்து ஒரு படம் எடுத்துக்கணும். இவன் நாளன்னைக்குக் கிளம்பிடுவான். அடுத்து எப்ப வருவானோ.”

படத்தில் ஒரு தாழ்ந்த கல்லின்மேல் சிறுமியும் சிறுவனும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் கடல். அவர்களுக்கு முன்னால் தரையில் வெள்ளையாக, தலைப்பக்கம் வளைந்த ஏதோ ஒன்று. அதன் நடுவில் கறுப்பாக ஒரு கம்பம்.

“இந்த வெள்ளை மேடைதான் அடையாளம். நடுவுல கம்பம் நட்டிருக்கு பாருங்க” என்றார் டாக்டர்.

அப்பா படத்தை அருகில் வைத்துப் பார்த்தார். தள்ளி வைத்துப் பார்த்தார். “ஒன்பது வருஷமா வர்றேன் சார். இப்படி ஒரு மேடை இங்க எங்கயும் இல்லையே.”

தேடினார்கள். குதிரை நின்ற இடம், தானிய அறை, இடிந்த குளம், எல்லாம் பார்த்தாயிற்று. தாழ்ந்த கற்கள் இருபதாவது இருக்கும். வெள்ளை மேடைதான் இல்லை. டீச்சரின் முகம் வியர்த்துச் சோர்ந்துவிட்டது.

“இடிச்சிருப்பாங்கக்கா. விடு” என்றார் டாக்டர். அவருடைய குரலில் இப்போது கேலி இல்லை.

பட்டாணி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்டைவரை ஒரு கேள்வி வந்து நின்றது. ஆனால் அவளை யாரும் எதுவும் கேட்கவில்லையே! மெல்ல அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“ஒண்ணே ஒண்ணு பேசிக்கட்டுமாப்பா?”

டீச்சர் சிரித்துவிட்டார். “பேசும்மா. இத்தனை நேரம் உன் வாயை யாரு கட்டிப்போட்டது?”

“இந்தப் படத்துல ரெண்டு பேரும் ஏன் ஆன்ட்டி கண்ணைச் சுருக்கிக்கிட்டு இருக்கீங்க?”

“வெயில் மூஞ்சியிலேயே அடிச்சுதும்மா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.”

“இப்ப வெயில் கடல் பக்கத்துலேர்ந்து வருதே. கடலுக்கு முதுகைக் காட்டி உக்காந்தா முதுகுலதானே அடிக்கும்?”

டாக்டர் கடலைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார்.

“அக்கா... அன்னைக்கு நாம காலையில வரல. சாயங்காலம் வந்திருக்கோம்!”

“நான் கணக்கு டீச்சர்னு வெளியில சொல்லிடாதீங்க” என்று டீச்சர் தலையில் தட்டிக்கொண்டார். “முதல்ல கடலுக்குத்தான்டா போனோம். உன் டிராயர்ல ஈர மணல் ஒட்டியிருந்துதே!”

சாயங்காலம் மறுபடி வர வேண்டும் என்றதும் அப்பா காதைச் சொறிந்தார். “காலையில கோட்டை, மாலையில கடல்னுதான் எப்பவும்...” என்று இழுத்தார். பிறகு மகளின் முகத்தைப் பார்த்தார். “ஆறு மணிக்குக் கதவைச் சாத்திடுவாங்க. அஞ்சுக்கு வந்துடலாம்” என்றார்.

கடற்கரையில் பட்டாணி முதன்முதலாக அலையில் கால் வைத்தாள். மணல் காலுக்கடியில் நழுவி ஓடியதும் வீலென்று கத்தினாள். டாக்டர் அவளைவிடப் பலமாகக் கத்தினார். டீச்சர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இருவர்மேலும் தண்ணீரை வாரி அடித்தார்.

சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தவள் அப்படியே நின்றாள். தூரத்தில், கார் நிறுத்தும் இடத்தில், கட்டைவிரல் அளவுக்கு அப்பா தெரிந்தார். கார்ப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

“வாங்கப்பா!” என்று கை காட்டினாள்.

அப்பா தன் ஷூவைக் காட்டினார். காரைக் காட்டினார். பிறகு, நீ விளையாடு என்பது போல் கையசைத்தார்.

அவள் ஈரக் காலோடு ஓடினாள். இப்போது கேட்டுவிட வேண்டியதுதான். போய்ச் சேர்ந்தபோது, அப்பா குனிந்து சின்னப் பிரஷ்ஷால் காரின் மிதியடியில் மணலைத் தட்டிக்கொண்டிருந்தார். முதுகுச் சட்டை முழுக்க வியர்வை. ஏழாவது நாளும் இதே ரோடா? அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது.

“என்னம்மா?”

“ஒண்ணுமில்லப்பா. தண்ணி குடிக்க வந்தேன்.”

தாகமே இல்லை. இருந்தாலும் அரை பாட்டில் குடித்து வைத்தாள்.

ஐந்து மணிக்குக் கோட்டை வேறு ஓர் இடமாக இருந்தது. காலையில் வெளுத்துக் கிடந்த கற்கள் எல்லாம் தேன் நிறத்தில் இருந்தன. மேற்குச் சுவரின் நிழல் நீளமாகத் தரையில் விழுந்திருந்தது. அந்த நிழலின் நடுவே, இடியாத வளைவு வாசல் வழியாக வந்த வெயில் மட்டும் வெள்ளையாக நீண்டு கிடந்தது. அதன் தலைப்பக்கம் வளைந்திருந்தது. அந்த வளைவு ஒரு தாழ்ந்த கல்லின் காலடியைத் தொட்டது.

“வெள்ளை மேடை!” என்று கத்தினாள் பட்டாணி.

“மேடை இல்ல, வெயிலு!” என்றார் அப்பா. அவருடைய கண்கள் விரிந்திருந்தன. “இந்த நேரத்துல நான் இங்க வந்ததே இல்லையே.”

அக்காவும் தம்பியும் ஓடிப்போய் அந்தக் கல்லில் உட்கார்ந்தார்கள். கல் சிறிதாகிவிட்டது என்று தம்பி சொன்னார். நீ பெரிதாகிவிட்டாய் என்று அக்கா இடித்தார். சுவருக்கு மேலாக வந்த வெயில் முகத்தில் அடித்தது. இருவரும் கண்ணைச் சுருக்கினார்கள்.

“இன்னும் கொஞ்சம் பின்னால போங்கப்பா” என்று பழைய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பட்டாணி சொன்னாள். “இன்னும்... இன்னும்... வாசல்ல நில்லுங்க. அங்கதான்.”

அப்பா வளைவு வாசலில் நின்று போனை இரண்டு கையாலும் உயர்த்தினார்.

பட்டாணி தரையைப் பார்த்தாள். வெள்ளை வெயிலின் நடுவில் அப்பாவின் நிழல் கறுப்பாக நீண்டு விழுந்திருந்தது. தலைக்குக் கீழே இரண்டு பக்கமும் முழங்கைகள் துருத்திக்கொண்டிருந்தன. அவள் கையிலிருந்த படத்தைப் பார்த்தாள். கம்பத்துக்கும் இரண்டு பக்கமும் அதே போல் துருத்திக்கொண்டிருந்தது.

“ஆன்ட்டி, இது கம்பம் இல்ல! படம் எடுத்தவங்களோட நிழல்!”

டீச்சர் எழுந்து வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“டேய், இங்க வாடா. நம்ம அப்பாதான்டா இது.”

டாக்டர் படத்தை வாங்கினார். “அப்பா எந்தப் படத்துலயுமே இல்லன்னு இத்தனை வருஷமா சொல்லிக்கிட்டிருந்தோமே அக்கா. நம்ம வீட்டுல, இந்தப் படத்துக்குள்ளேயே இருந்திருக்காரு.”

“எல்லாப் படத்தையும் அவர்தானே எடுத்தாரு” என்றார் டீச்சர். பிறகு பட்டாணியின் தோளில் கை வைத்துக்கொண்டு, தனக்குத்தானே பேசுவது போல் சொன்னார். “அன்னைக்கு அவர் தண்ணியில இறங்கவே இல்ல. கேமரா நனைஞ்சுடும்னு கரையிலேயே நின்னுட்டாரு. நாங்களும் வாங்கன்னு ஒரு வார்த்தை கூப்பிடல. விளையாட்டு மும்முரம். கையைப் பிடிச்சு இழுத்திருந்தா, வந்திருப்பாரு.”

அப்பா படம் எடுத்து முடித்துவிட்டார். அக்காவும் தம்பியும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படிகளில் இறங்கினார்கள். யார் முன்னால் போவது என்று அதற்கும் ஒரு சண்டை கேட்டது.

பட்டாணி நகரவில்லை. அப்பா திரும்பிப் பார்த்தார்.

“என்னம்மா, பசிக்குதா?”

“இல்லப்பா.”

“கால் வலிக்குதா? தூக்கிக்கவா?”

“இல்லப்பா. ஒண்ணு கேக்கணும்.”

“கேளேன்.”

அவள் முன்னால் போய் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையில் ஸ்டியரிங் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன இடம் சொரசொரவென்று இருந்தது. அந்த ரோட்டில் இந்தக் கை எத்தனை தடவை போய் வந்திருக்கும்! அப்போதுதான், எப்படிக் கேட்க வேண்டும் என்பது அவளுக்குச் சட்டென்று தெரிந்தது.

“ஞாயித்துக்கிழமை நீங்க, நான், அம்மா, மூணு பேரும் கடலுக்குப் போலாம்பா. கார் வேண்டாம், அது வீட்டுலேயே நிக்கட்டும். பஸ்ஸுல போலாம். நீங்க எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல உக்காந்து தூங்கிக்கிட்டே வாங்க. தண்ணி வந்ததும் நான் எழுப்புறேன்.”