மாமியார்களுக்கு ஒரு 'எஸ்'

வீல்ல்ல்!

பாலராட் நகரின் அந்தப் பதிப்பக அலுவலகம் பதினொரு மணிக்கு அலறியது.

அலறியவள் க்ளெனிஸ். துணை ஆசிரியை. அவள் காலடியில் தலைமை ஆசிரியர் மெர்வ்... மண்டை பிளந்து, ஆங்கில இலக்கணக் கையேட்டின் அச்சுப்படிகள் மேல் குப்புறக் கிடந்தார்.

பத்து மணிக்கு உயிரோடு டீ கேட்டவர்!

இன்ஸ்பெக்டர் பெவ் வந்ததும் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"நேத்து இவரைக் கொன்னுடுவேன்னு கத்தினீங்களாமே?"

"கத்தினேன். 'மதர்-இன்-லா'வைப் பன்மையாக்கணும்னா எஸ்ஸை 'மதர்' பக்கத்துல ஒட்டணும். ரெண்டா இருக்கறது மாமியாரா, சட்டமா? இந்த மனுஷன் கொண்டுபோய் 'லா'வுல ஒட்டினாரு."

"ஒரு எழுத்துக்கா இவ்வளவு?"

"நான் எழுதின அத்தியாயம். முழுசா அடிச்சுட்டாரு."

இன்னொரு துணை ஆசிரியன் ரஸல் தொண்டையைச் செருமினான்.

"நான் பத்துலேருந்து என் ரூம்ல அச்சுப்படி வாசிச்சிட்டிருந்தேன். என் குரலை ஆபீஸே கேட்டுது. இவதான் எங்க இருந்தாளோ..."

எல்லோரும் தலையாட்டினார்கள். கேட்டிருந்தார்கள். கமா, ஹைஃபன் உட்பட!

பெவ் விலங்கை எடுத்தாள். மெர்வை க்ளெனிஸுக்குப் பிடிக்காதுதான். அதற்காக அவருக்காகக் கம்பி எண்ண முடியுமா?

சட்டென்று திரும்பினாள்.

"ரஸல், உன் எதிர்ல யாரு உக்காந்திருந்தா?"

"யாருமில்ல. தனியாத்தான்..."

ஊழியர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உள்ளே தங்களில் இன்னொருவர் இருப்பதாகத்தான் ஒவ்வொருவரும் நினைத்திருந்தார்கள்!

"என்ன விஷயம்?" என்றாள் பெவ்.

"இது ரெண்டு பேர் வேலை இன்ஸ்பெக்டர். ஒருத்தர் மூலப்பிரதியைக் கமா விடாம சத்தமா வாசிப்பாரு. எதிர்ல இருக்கறவரு அதைக் கேட்டு அச்சுப்படியைத் திருத்துவாரு. தனியா இருந்தா வாயே தொறக்க மாட்டோம். இவன் யாருக்கு வாசிச்சான்?"

ரஸலின் முகம் வெளுத்தது.

அவன் மேஜை டிராயரில் ஒரு சின்ன ஸ்பீக்கர் கிடைத்தது. கான்ஸ்டபிள் பட்டனை அழுத்த, ரஸலின் குரலே கணீரென்று ஒலித்தது.

"சிஸ்டர்ஸ் ஹைஃபன் இன் ஹைஃபன் லா கமா..."

"அந்தக் கிழவன் போனா நாற்காலி இவளுக்குப் போயிடும்," ரஸல் பல்லைக் கடித்தான். "ரெண்டு பேரையும் ஒரே அடியில தீர்த்திருப்பேன். கெடுத்துட்டா."

விலங்கு கை மாறியது.

"மன்னிச்சுக்குங்க க்ளெனிஸ்," என்றாள் பெவ். "ஒரு எழுத்துக்காக யாராவது கொலை பண்ணுவாங்களான்னு நான் யோசிச்சிருக்கணும்."

"பண்ணுவேன் இன்ஸ்பெக்டர். மத்தியானம் சாப்பிட்டுட்டுப் பண்ணலாம்னு இருந்தேன். அதுக்குள்ள இந்தப் பய முந்திக்கிட்டான்."